ஆளி விதை எண்ணெயும் செங் பெண்களின் கூந்தலும்

மலேசியாவின் மலாக்கா நகரிலிருந்து செங் வட்டாரத்துக்கு வரும் வழியில் எந்த மருந்துக்கடைக்குள் நுழைந்தாலும், சத்து மாத்திரைகள் அடுக்கிய தட்டில் ஆளி விதை எண்ணெய் கண்ணில் படும். ஜெல் மாத்திரையாகவும் இருக்கும், கறும்பழுப்புப் புட்டியில் ஊற்றிய எண்ணெயாகவும் இருக்கும். முடி கொட்டுகிறது, தோல் வறண்டு வெள்ளை பூக்கிறது என்று சொல்லும் பெண்ணுக்கு உடன் வேலை செய்பவரோ வாட்ஸ்அப் குழுவோ இதைச் சிபாரிசு செய்திருக்கும். இரண்டு தலைமுறைக்கு முன் தோட்டத்து லயங்களில் இந்த எண்ணெய் கிடையாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய், முழுக்குக்கு நல்லெண்ணெய், வயிற்றைச் சுத்தம் செய்ய விளக்கெண்ணெய், அத்தோடு சரி. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து மாதாமாதம் ஒரு புட்டி வாங்கும் பெண்களுக்காகவாவது இந்தப் புதுவரவைச் சரியாக எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோலுக்கு இந்த எண்ணெய் ஓரளவு உதவும் என்பதற்குச் சிறிய, ஆனால் மதிக்கத்தக்க சான்று உண்டு. முடிக்கு உதவும் என்ற பேச்சுக்கு அந்த அளவு சான்றுகூட இல்லை. முடி கொட்டும் நம் பெண்கள் பலருக்கு உண்மையான காரணம் இரத்தத்தில் இருக்கிறது. புட்டிக்குப் பணம் கொடுக்கும் முன் அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆளி நம் மண்ணின் பயிர் அன்று. குளிர்ந்த தட்பவெப்பத்தில் விளையும் நீலப்பூச் செடி. இன்று உலகச் சந்தைக்கு அதை அதிகம் விளைவித்து அனுப்புபவை ரஷ்யா, கஜகஸ்தான், கனடா. இந்தியாவில் மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் குளிர்காலப் பயிராக விளைகிறது. விதர்பாவிலும் வட கர்நாடகத்திலும் ஆளியை வறுத்து, மிளகாய், பூண்டு சேர்த்து இடித்துச் சட்னிப் பொடியாக ரொட்டியோடு சாப்பிடுகிறார்கள். தமிழ் வைத்தியத்தில் அதை அரைத்துச் சூடாக்கிக் கட்டிக்குப் பற்றுப் போடுவார்கள். எண்ணெயாக நம் அடுப்படிக்கு அது வந்ததில்லை. ஐரோப்பாவில் இந்த எண்ணெய்க்குப் பல நூற்றாண்டுகளாக வேறு வேலை இருந்தது. ஓவியர்கள் வண்ணம் குழைத்தார்கள், தச்சர்கள் மரத்துக்குப் பூசினார்கள். 1863 இல் ஃபிரடெரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் இதை உறைய வைத்துத் தரைவிரிப்பு செய்யக் காப்புரிமை வாங்கினார். லினோலியம் என்பது அதுதான். கிரிக்கெட் மட்டைக்கு இன்றும் இதைத்தான் பூசுகிறார்கள்.

காற்றுப் பட்டால் இறுகிப் படலமாகும் குணம் இதற்கு எங்கிருந்து வந்தது? இந்த எண்ணெயில் பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்னும் ஒமேகா-3 கொழுப்பு. அதன் மூலக்கூறில் மூன்று இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால் ஆக்சிஜன் எளிதில் வந்து ஒட்டிக்கொள்ளும். நம் உடலால் தானாகச் செய்துகொள்ள முடியாத கொழுப்பு இது, ஆகவே உணவில் வந்தாக வேண்டும். புட்டிக்குள் சீக்கிரம் கெட்டுப்போவதற்கும் இதே பிணைப்புகள்தான் காரணம். இந்தப் பூச்செண்ணெயை மருந்தாகப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் யோஹானா பூட்விக். 1950களில் ஆளி எண்ணெயைப் பாலாடைக்கட்டியோடு கலந்து உண்ணச் சொன்னார். புற்றுநோயே தீரும் என்ற அவருடைய கூற்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் இந்த எண்ணெயைச் சுற்றியிருக்கும் ஒளிவட்டத்தின் ஒரு பகுதி அவரிடமிருந்து தொடங்கியது.

கொழுப்புக்கும் தோலுக்கும் உள்ள தொடர்பைக் கண்டவர்கள் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பர்ரும் அவர் மனைவி மில்ட்ரெட் பர்ரும். 1929 இல் அவர்கள் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி கொடுத்தார்கள். எலிகளின் வால் செதில் செதிலாக வெடித்தது, முடி உதிர்ந்தது, வளர்ச்சி நின்றது. சில துளி எண்ணெய் கொடுத்ததும் தேறின. பிறகு டெக்சஸ் மாநிலத்தில் ஆரில்ட் ஹான்சன் என்ற குழந்தை மருத்துவர் 400க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகளைக் கவனித்து, 1963 இல் எழுதினார். கொழுப்பு நீக்கிய பால் மட்டும் குடித்த குழந்தைகளுக்குத் தோல் காய்ந்து உரிந்தது. தேவையான கொழுப்பைச் சேர்த்ததும் அது சரியானது.

விளம்பரங்கள் இங்கே ஒன்றைத் தாண்டிக் குதிக்கின்றன. ஹான்சனின் குழந்தைகளைக் குணப்படுத்தியது லினோலீயிக் அமிலம் என்னும் ஒமேகா-6 கொழுப்பு. தோலின் மேலடுக்கில் ஈரம் வெளியேறாமல் காக்கும் செராமைடுகளைக் கட்ட உடல் அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆளி எண்ணெயில் அது ஏறத்தாழ 15 விழுக்காடுதான். நல்லெண்ணெயில் சுமார் 40 விழுக்காடு, கடலை எண்ணெயில் 30 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலான வீடுகளில் பொரிக்கப் பயன்படும் செம்பனை எண்ணெயில் 10 விழுக்காட்டுக்குச் சற்று மேல், தேங்காய் எண்ணெயில் வெறும் 2 விழுக்காடு அளவில். வீட்டில் எல்லாவற்றையும் செம்பனை எண்ணெயிலேயே சமைக்கிறவர்கள் தோசைக்கும் பொடிக்கும் நல்லெண்ணெயைத் திரும்பக் கொண்டுவந்தாலே தோல் கேட்கும் கொழுப்பில் ஒரு பங்கு கிடைத்துவிடும். இதை எந்த மாத்திரைப் பெட்டியும் சொல்லாது.

அப்படியானால் ஆளி எண்ணெயின் ஒமேகா-3 தோலுக்கு என்ன செய்கிறது? இதை நேரடியாகச் சோதித்த இரண்டு ஜெர்மன் ஆய்வுகள் உண்டு. 2009 இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் நியூட்ரிஷன் இதழில் வந்த ஆய்வில், வறண்ட, எளிதில் சிவக்கும் தோல் கொண்ட பெண்கள் 12 வாரம் பங்கெடுத்தார்கள். ஒரு குழுவுக்கு ஆளி எண்ணெய், இன்னொன்றுக்கு போரேஜ் விதை எண்ணெய், மூன்றாவதற்கு ஒப்பீட்டுக்காக வேறொரு கொழுப்பு. குழுவுக்கு 15 பேர், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2.2 கிராம். ஆறாம் வாரத்தில் இரண்டு விதை எண்ணெய்க் குழுக்களிலும் தோல் வழியே ஆவியாகும் நீர் சுமார் 10 விழுக்காடு குறைந்தது. ஆளி குழுவில் அது பன்னிரண்டாம் வாரத்தில் மேலும் குறைந்தது. சொரசொரப்பும் செதிலும் தணிந்தன. எரிச்சலூட்டும் மருந்தைத் தடவியபோது சிவப்பும் குறைவாகவே ஏறியது. 2011 இல் வந்த இரண்டாவது ஆய்வில் 26 பெண்கள். பாதிப் பேருக்கு ஆளி எண்ணெய், பாதிப் பேருக்குக் குசும்பா எண்ணெய். குசும்பா எண்ணெய் ஒமேகா-6 நிறைந்தது. சொரசொரப்பும் ஈரப்பதமும் இரண்டு பக்கத்திலும் தேறின. தோலின் கூச்சமும் நீரிழப்பும் ஆளி பக்கத்தில்தான் குறைந்தன.

இந்த இரண்டையும் நான் மதிக்கிறேன். ஏனென்றால் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள், ஒப்பீட்டுக் குழு வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆட்கள் மிகக் குறைவு. முதல் ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவுக்கும் தோலின் ஈரம் கூடியது, ஆகவே அந்த ஒரு பலனை எண்ணெயின் கணக்கில் முழுதாக எழுத முடியாது. ஜெர்மனியின் வறண்ட காற்றும் நம் வெக்கையும் ஒன்றல்ல. எங்கள் பக்கத்தில் தோல் வறள்வது பெரும்பாலும் எட்டு மணி நேரம் குளிரூட்டிய தொழிற்சாலைக் கூடத்தில் நிற்பதாலும், ஒரு நாளில் பலமுறை கை கழுவுவதாலும், சர்க்கரை ஏறியிருப்பதாலும்தான். மாத்திரை சாப்பிட்டால் முகம் பளபளக்கும், சுருக்கம் போகும், நிறம் கூடும் என்பவை இந்த ஆய்வுகளில் எங்கும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2012 இல் உணவுக் கூற்றுகளைப் பட்டியலிட்டபோது, ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்துக்கு அனுமதித்தது ஒன்றுதான். நாளுக்கு 2 கிராம் எடுத்தால் இரத்தக் கொழுப்பு சீராக இருக்க உதவும் என்பது அது.

சின்ன ஆய்வுகளை நம்பி முன்பு ஒரு முறை உலகம் ஏமாந்திருக்கிறது. ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் என்று ஒன்று 1980களில் கரப்பான் என்னும் தோல்நோய்க்கு மருந்தாகப் புகழ் பெற்றது. பிரிட்டனில் மருத்துவர்களே எழுதிக் கொடுத்தார்கள். 2002 இல் அங்கே அந்த மருந்துரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2013 இல் காக்ரேன் குழுமம் 27 ஆய்வுகளை, 1,596 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ஈவினிங் பிரிம்ரோஸ், போரேஜ் ஆகிய இரண்டு எண்ணெய்களாலும் கரப்பானுக்குப் பலன் இல்லை என்று தெரிந்தது. இதில் போரேஜ், மேலே சொன்ன 2009 ஆய்வில் ஆளியோடு சேர்ந்து நல்ல பெயர் வாங்கிய அதே எண்ணெய். ஆளிக்கு அந்த அளவு பெரிய சோதனை இன்னும் நடக்கவில்லை.

முடிக்கு வருவோம். கூந்தலுக்கு ஒமேகா கொழுப்பு நல்லது என்று சொல்பவர்கள் சுட்டிக்காட்டும் ஆய்வு 2015 இல் பிரான்சிலிருந்து வந்தது. 120 பெண்கள், ஆறு மாதம். முடி அடர்த்தி கூடியது, உதிர்வு குறைந்தது. ஆனால் அவர்கள் உட்கொண்டது மீன் எண்ணெயும் பிளாக் கரன்ட் விதை எண்ணெயும், அதோடு வைட்டமின் சி, வைட்டமின் ஈ, லைகோபீன் ஆகியவையும். அதில் ஆளி எண்ணெய் இல்லை. முயலுக்கு ஆளி விதை கொடுத்து உரோமம் அளந்த ஆய்வை வைத்து மனிதக் கூந்தலுக்கு உறுதி கொடுக்கவும் முடியாது.

இருந்தும் “எனக்குக் கேட்டதே” என்று சொல்லும் பெண்கள் பொய் சொல்லவில்லை. முடி வளரும் முறையைப் பார்த்தால் அவர்கள் கண்டது என்னவென்று புரியும். ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளர்ந்து, மூன்று மாதம் போல் ஓய்ந்து, பிறகு விழும். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை விழுவது இயல்பு. டெங்கிக் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பெருந்துக்கம் போன்ற அதிர்ச்சி வந்தால் வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பல ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கையோடு வருகின்றன. காய்ச்சலை மறந்துவிட்ட பெண் அப்போதுதான் பதறி எண்ணெய் வாங்குகிறாள். இந்த வகை உதிர்வு ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் தானாகவே நிற்கும். எண்ணெயும் அந்த ஆறு மாதம்தான் ஓடியிருக்கும். பெயர் எண்ணெய்க்குப் போய்விடுகிறது. வளரும் வேகமும் இயற்கை வைத்த அளவுதான், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டரை ஒட்டி. செங் சன்னாசி மலை ஆண்டவருக்கு மாசி மகத்தில் நேர்ந்துகொண்டு மொட்டை போட்ட குழந்தைக்கு அடுத்த மாசி மகத்தில் ஒரு சாண் முடிகூட இருக்காது. எந்த எண்ணெயைக் குடித்தாலும் அதை இரண்டு சாண் ஆக்க முடியாது.

உதிர்வு ஆறு மாதத்துக்கு மேலும் நிற்கவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். இந்த இடத்தில்தான் எனக்கு நம் பெண்களைப் பற்றிய கவலை. மலேசிய சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வுப்படி 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பத்தில் மூன்று பேருக்கு இரத்தச் சோகை. அதே ஆய்வில் இந்திய வம்சாவளிப் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு. இரும்புச்சத்துக் குறைந்தாலும், தைராய்டு மந்தமானாலும், சினைப்பையில் நீர்க்கட்டிகள் வந்து ஹார்மோன் சமன் கெட்டாலும் முடி கொட்டும். சர்க்கரை ஏறினால் தோல் வறண்டு அரிக்கும். இவற்றில் எதையும் ஆளி எண்ணெய் தொடாது. இரவு வேலை முடிந்து வந்து ரொட்டியும் தேத்தண்ணியும் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் பெண்ணுக்கு, சாப்பாட்டோடு குடிக்கும் அந்தத் தேத்தண்ணியே இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டினால் மருத்துவரைப் பார்க்கலாம். இரத்த அளவு, சர்க்கரை, தேவைப்பட்டால் தைராய்டும் இரும்புச் சேமிப்பும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்கக் கூச்சப்படுகிறார்கள். முடி கொட்டுவதற்கெல்லாம் டாக்டரிடம் போவதா என்று வீட்டில் கேட்பார்களே என்ற தயக்கம். அந்தத் தயக்கத்தில்தான் புட்டிகள் விற்கின்றன.

தோட்டத்துப் பெண்களின் தோலுக்கு இன்னொரு கதையும் உண்டு. மலாயாவில் வணிகத்துக்காகப் பால்மரம் முதலில் நடப்பட்டது 1896 இல், இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில், டான் சாய் யான் என்பவரால். அதன் பிறகு மூன்று தலைமுறைப் பெண்கள் ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தை வெறுங்கையால் கையாண்டார்கள். செம்பனை வந்தபோது களைக்கொல்லி அடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது. ஐரின் ஃபெர்னாண்டஸின் தெனாகனித்தா அமைப்பு 2002 இல் வெளியிட்ட அறிக்கை, மருந்தடிக்கும் பெண்களின் தோல் அரிப்பு, நகச்சிதைவு, கண் எரிச்சல், மூக்கில் இரத்தம் வடிதல் எல்லாவற்றையும் பதிவு செய்தது. அதில் முதன்மையாகப் பேசப்பட்ட பாரகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல்தான் இந்த நாட்டில் முற்றாகத் தடையானது. அந்தப் பெண்களில் பலர் இன்று செங், பாச்சாங், பத்து பெரண்டாம் தாமான்களில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் கருமையையும் வெடிப்பையும் ‘வயசாச்சு’ என்று தள்ளிவிட்டு எண்ணெய் மாத்திரை வாங்கிக் கொடுப்பது போதாது. தோல் மருத்துவர் ஒருவர் அந்தக் கைகளைப் பார்க்க வேண்டும்.

ஒமேகா-3 வேண்டும் என்றால் அதற்கு நேர்வழி மீன். ஆளியில் உள்ள ஒமேகா-3 உடம்பில் மீனெண்ணெய் வடிவத்துக்கு மாறுவது மிகச் சொற்பம். இளம்பெண்களின் உடல் ஆண்களைவிடச் சற்று அதிகமாக மாற்றும், அவ்வளவுதான். பாசாரில் கெம்புங் என்று கேட்டு வாங்கும் கானாங்கெளுத்தியும், டின்னில் வரும் சார்டினும் அந்தக் கொழுப்பை முடிந்த வடிவிலேயே தருகின்றன. கூடவே புரதமும் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் கெம்புங் குழம்பு வைத்தால் ஆளியைத் தேட வேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு இராது. சைவம் உண்பவர்களுக்குத்தான் ஆளி உண்மையில் பொருந்துகிறது. அவர்களுக்கும் நான் எண்ணெயைவிட விதையையே சொல்வேன். வறுத்து அரைத்து இட்லிப் பொடியோடு சேர்த்தால் நார்ச்சத்தும் லிக்னன்கள் என்னும் தாவரச் சேர்மங்களும் கிடைக்கும், பிழிந்த எண்ணெயில் அவை ஏறக்குறைய இல்லை. முழு விதையை அப்படியே விழுங்கினால் செரிக்காமல் வெளியே போய்விடும். அரைத்த பொடியைக் குளிர்ப்பெட்டியில் வைத்துச் சில வாரத்துக்குள் தீர்க்க வேண்டும்.

எண்ணெய்தான் வேண்டும் என்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 7 கிராம் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் போதுமென்று அமெரிக்க நிபுணர் குழு வைத்த அளவு 1.1 கிராம்தான், ஒரு தேக்கரண்டியே அதிகம். அதைத் தாளிக்கவோ பொரிக்கவோ கூடாது. நம் வெயிலில் அடுப்பு மேடையில் வைத்தால் சில நாளில் வண்ணப்பூச்சு வாடை வரும், வந்தால் கொட்டிவிட வேண்டும். மாத்திரைப் பெட்டியில் எம்.ஏ.எல் எனத் தொடங்கி என் என்ற எழுத்தில் முடியும் பதிவெண் இருக்க வேண்டும். தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை சத்துப் பொருளுக்குக் கொடுக்கும் எண் அது. ஹார்ட்வேர் கடையில் மரச்சாமானுக்கு விற்கும் லின்ஸீட் எண்ணெயும் இதே விதையிலிருந்து வருவதுதான் என்று மலிவுக்காக வாங்கிவிடக் கூடாது. அதில் சீக்கிரம் காய்வதற்கு உலோக உப்புகள் கலந்திருக்கும், அது விஷம். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது.

கர்ப்பிணிகளுக்கு இன்னும் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கனடாவின் மான்ட்ரியல் ஆராய்ச்சியாளர்கள் கியூபெக் மாநிலத்துத் தாய்மார் 3,354 பேரைப் பற்றி 2008 இல் வெளியிட்ட முடிவில், கர்ப்பத்தின் கடைசி ஆறு மாதத்தில் ஆளி எண்ணெய் உட்கொண்டவர்களுக்குக் குறைமாதப் பிரசவம் கூடுதலாக இருந்தது. ஒரே ஆய்வை வைத்து இதுதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் முடி அழகுக்காக ஒரு கர்ப்பிணி இந்த ஐயத்தைச் சுமக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

வெளியே தடவுவதைப் பொறுத்தவரை நம் பாட்டிகளிடம் பெரும் குறை காண முடியாது. 2003 இல் மும்பையில் மாரிக்கோ நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் ரேலேயும் மொஹிலேயும் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் தடவிப் பார்த்தார்கள். தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியின் உள்ளே இறங்கி, கழுவும்போதும் சீவும்போதும் புரதம் வெளியேறுவதைக் குறைத்தது. அந்த நிறுவனம் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு, முடிப் புரதத்தோடு எளிதில் ஒட்டும் என்ற விளக்கம் நிற்கிறது. ஆளி விதையை வேகவைத்து வடித்த கொழகொழப்பைத் தலையில் பூசுவது இப்போது பரவியிருக்கிறது. அது காய்ந்து படலமாகி முடியைப் படிய வைக்கும், சுருட்டை முடிக்கு அழகாக இருக்கும். வேருக்கு அதனால் எதுவும் ஆவதில்லை. பொடுகு இருக்கும் தலையில் எந்த எண்ணெயையும் இரவெல்லாம் ஊற விடக் கூடாது. பொடுகுக்குக் காரணமான மலசீசியா பூஞ்சை எண்ணெயிலுள்ள கொழுப்பை உண்டுதான் வளர்கிறது.

ஜெர்மன் ஆய்வுகளைப் போல ஒன்றை இங்கேயே நடத்த முடியும். மலாக்கா புக்கிட் பாருவில், 1997 இல் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிய மணிப்பால் பல்கலைக்கழகக் கல்லூரி இருக்கிறது. செங்கைச் சுற்றித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களுக்குக் குறைவில்லை. முதல் நாளே இரும்பு, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்து, குறை உள்ளவர்களுக்கு அதற்கான மருந்தைக் கொடுத்துவிட வேண்டும். மீதிப் பேரில் ஒரு பாதிக்கு ஆளி எண்ணெய் மாத்திரை, மறு பாதிக்கு அதே நிறத்தில் செம்பனை எண்ணெய் மாத்திரை, ஆறு மாதம். தோலின் நீரிழப்பைக் கருவியாலும் முடியின் அடர்த்தியைப் படம் எடுத்தும் அளக்கலாம். முதல் நாள் இரத்தப் பரிசோதனையிலேயே எத்தனை பேருக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்க்க விரும்புவேன்.